கெண்டை இறுகும்வரை நடங்கள்: கால் நாடி அடைப்புக்கு 12 வார நடைப் பயிற்சி

வெள்ளவத்தை மார்க்கெட்டடியில் பஸ்ஸை விட்டு இறங்கிக் காலி வீதியில் நடக்கத் தொடங்கினால் முதல் 150 மீற்றருக்கு ஒன்றும் தெரியாது. பிறகு கெண்டைக்கால் மெல்ல இறுகும். இன்னும் கொஞ்சம் போனால் அடுத்த எட்டு வைக்க ஏலாது. புடைவைக் கடை வாசலில் சேலை பார்ப்பதுபோல இரண்டு மூன்று நிமிடம் நின்றால் நோ முழுதாக விட்டுவிடும். திரும்ப நடந்தால் ஏறத்தாழ அதே தூரத்தில் அதே இறுக்கம் வரும். நடந்தால் வருவது, நின்றால் போவது, தூரம் அவ்வளவாக மாறாதது: இந்த மூன்றும் சேர்ந்தால் காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடியில் அடைப்பு இருக்கலாம் என்று நினைக்க வேண்டும். "வயசு போகுது, வாதம்" என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு வருடக்கணக்காக இருப்பவர்கள் நிறையப் பேர்.

இந்த வருத்தத்துக்கு நடைதான் முதல் வைத்தியம். ஆனால் எல்லா நடையும் வைத்தியம் ஆகாது. நோ வராத அளவுக்கு மெதுவாக, கதைத்துக்கொண்டு, அரை மணி நேரம் உலாவுவது மனதுக்கு நல்லது. காலின் தூரத்தைக் கூட்டாது. நோவை வேண்டுமென்றே வரவழைத்து, அது போகும்வரை நின்று, திரும்ப வரவழைக்கும் நடை ஒன்று இருக்கிறது. அதை எப்படிச் செய்வது என்பதுதான் இங்கே விஷயம்.

இது நாடி அடைப்புத்தானா?

நோ வரும் இடம் பொதுவாக அடைப்பு இருக்கும் இடத்துக்கு ஒரு படி கீழே இருக்கும். கெண்டைக்கால் இறுகினால் பெரும்பாலும் தொடை நாடியில், முழங்காலுக்கு மேலே உட்தொடைப் பக்கம் அது தசைகளுக்கு நடுவே புகுந்து போகும் இடத்தில் அடைப்பு இருக்கும். புட்டத்திலும் தொடையிலும் நோ வந்தால் இடுப்புக்குள் இருக்கும் பெரிய நாடியைப் பார்க்க வேண்டும். ஆண்களுக்கு இதோடு ஆண்மைக் குறைவும் சேர்ந்து வருவதுண்டு. கூச்சப்பட்டு அதை வைத்தியரிடம் மறைக்க வேண்டாம், அடைப்பு எங்கே என்பதற்கு அது நல்ல தடயம். பாதத்தின் வளைவில் நோ என்றால் முழங்காலுக்குக் கீழே உள்ள சின்ன நாடிகள். சலரோகம் உள்ளவர்களுக்கு இவைதான் அதிகம் அடைபடும்.

இதைப்போலவே தோன்றும் வேறு வருத்தங்களும் உண்டு. முள்ளந்தண்டுக்குள் நரம்பு நெருக்கப்பட்டாலும் நடக்கும்போது கால் நோகும். ஆனால் அவர்களுக்குச் சும்மா நின்றால் போதாது. உட்கார வேண்டும், அல்லது முன்னால் குனிய வேண்டும். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியில் சாய்ந்துகொண்டு நடந்தால் சுகமாக இருக்கும். வங்கி வரிசையில் அசையாமல் நின்றாலே நோ வரும். நாடி அடைப்புக்காரருக்கு வரிசையில் நிற்பது பிரச்சினையே இல்லை, தொடர்மாடிப் படி ஏறுவதுதான் பிரச்சினை. முழங்கால் தேய்வு என்றால் இருந்து எழும்பியதும் வைக்கும் முதல் எட்டுகளிலேயே நோகும். சலரோகத்தால் நரம்பு கெட்டவர்களுக்கு எரிவும் ஊசி குத்துவதும் நடையோடு தொடர்பில்லாமல் இரவில் வரும். அதே ஆளுக்கு நாடி அடைப்பும் இருந்தால், நரம்பு மரத்துப் போனதால் நோ வராமல் "கால் சோர்ந்து போகுது" என்ற அளவிலேயே நிற்கலாம்.

பாதத்தில் நாடி பிடித்துப் பார்ப்பது வீட்டிலேயே செய்யக்கூடியது. பெருவிரலை மேலே தூக்கினால் பாதத்தின் மேல்பக்கம் ஒரு நரம்புக்கயிறு எழும்பும். அதற்கு வெளிப்பக்கமாக, பாதத்தின் நடுப்பகுதியில், மூன்று விரல் நுனிகளை மெதுவாக வையுங்கள். அழுத்தினால் துடிப்பு செத்துவிடும். உங்கள் பெருவிரலால் தொட்டால் உங்கள் துடிப்பையே எண்ணுவீர்கள். இரண்டாவது இடம் உட்கணுக்கால் எலும்புக்குப் பின்னால் உள்ள பள்ளம். மேல்பாதத் துடிப்பு சிலருக்குப் பிறவியிலேயே தெரியாது, ஆகவே இரண்டாவது இடமும் கிடைக்காவிட்டால்தான் சந்தேகம் பலமாகும். இரண்டு காலையும் ஒப்பிடுங்கள். ஒன்று குளிர்ந்து, முடி உதிர்ந்து, தோல் மினுங்கி, நகம் தடித்து இருந்தால் அந்தக் காலைக் காட்ட வேண்டும்.

உறுதி செய்வது கணுக்கால் அமுக்கத்தைக் கை அமுக்கத்தால் வகுக்கும் சோதனை. ஏ.பி.ஐ. என்று கிளினிக்கில் சொல்வார்கள். படுக்க வைத்து, டொப்ளர் கருவியால் இரண்டு கையிலும் இரண்டு கணுக்காலிலும் பிரஷர் எடுப்பார்கள். கையில் 140, கணுக்காலில் 84 என்றால் 0.6. 1.0 இலிருந்து 1.4 வரை சாதாரணம்; 0.9 அல்லது அதற்குக் கீழே அடைப்பு, 0.4க்குக் கீழே போனால் கால் ஆபத்தில். 1.4க்கு மேலே வந்தால் "நல்ல அமுக்கம்" என்று சந்தோஷப்படக் கூடாது. நீண்டகாலச் சலரோகத்தாலும் சிறுநீரக வருத்தத்தாலும் நாடிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து, பட்டியால் நசுக்க முடியாத அளவுக்கு இறுகிவிட்டது என்று அர்த்தம். அப்படியானால் கால் பெருவிரலில் அமுக்கம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், அங்கே 0.7க்குக் கீழே என்றால் அடைப்பு. படுத்திருக்கையில் சரியாக இருந்து நடந்தால் மட்டும் நோகிறவர்களுக்கு, நடக்கவிட்டு உடனே திரும்ப எடுக்க வேண்டும். 20 வீதத்துக்கு மேல் விழுந்தால் அடைப்பு உண்டு. வீட்டு டிஜிட்டல் பிரஷர் மெஷினைக் கணுக்காலில் சுற்றிப் பார்ப்பதில் பயனில்லை. அடைப்புள்ள காலின் மெல்லிய துடிப்பை அது சரியாகப் பிடிக்காது.

படிவு கரையாது, தூரம் கூடும்

நாடியின் உட்சுவருக்குள் கொழுப்பு புகுந்து, அதைத் தின்ன வந்த உயிரணுக்கள் அங்கேயே செத்துக் குவிந்து, மேலே நாரும் சுண்ணாம்பும் மூடி உருவாவதுதான் படிவு. குழாய்க்குள் அழுக்கு ஒட்டியிருப்பதல்ல அது. சுவரே தடித்துப் போவது. தொடக்கத்தில் சுவர் வெளிப்பக்கமாக வீங்கி வழியைக் காப்பாற்றிக்கொள்ளும். அதனால்தான் சாயம் ஏற்றி எடுக்கும் அஞ்சியோகிராமில் வழி ஓரளவு திறந்து தெரியும்போதே, சுவரைக் காட்டும் எம்.ஆர்.ஐ.யில் படிவு தடிப்பாக இருக்கக்கூடும். வழி சுருங்கத் தொடங்கியதும் நிலைமை வேகமாக மாறும்: ஒரே அமுக்கத்தில் ஓடும் அளவு ஆரையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது, ஆரை பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒன்று. சும்மா இருக்கும்போது கெண்டைத் தசைக்கு அதுவும் காணும். நடக்கும்போது பல மடங்கு தேவை. அது கிடைக்காமல் தசை மூச்சுத் திணறுவதே அந்த இறுக்கம்.

மூன்று மாதம் ஒழுங்காக நடந்த பிறகு ஸ்கேன் எடுத்தால் படிவு அப்படியே இருக்கும். ஏ.பி.ஐ.யும் பெரிதாக மாறாது. இதைப் பார்த்து மனம் விட்டுப் பயிற்சியை நிறுத்துகிறவர்கள் உண்டு. 2017இல் கொக்ரேன் அமைப்பு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் இதுதான் தெரிந்தது: ஏ.பி.ஐ.யில் மாற்றமில்லை, ஆனால் நோவில்லாமல் நடக்கும் தூரம் சராசரியாக 82 மீற்றரும், நடக்கக்கூடிய முழுத் தூரம் 120 மீற்றரும் கூடியிருந்தன. மாறுவது தசைக்குள். கிடைக்கும் ஒட்சிசனைச் சிக்கனமாக எரிக்கத் தசை பழகுகிறது, நுண்குழாய்கள் கூடுகின்றன, நாடிச் சுவர் நன்றாக விரியப் பழகுகிறது, நடையே சீராகிறது. பக்கவழிக் குழாய்களும் ஓரளவு உதவலாம்.

நோ வரும்வரை நடக்கத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு 2021இல் வெளிவந்த லைட் என்ற அமெரிக்க ஆய்வு நேராகவே பதில் சொன்னது. 305 பேரில் பெரும்பாலோர் தங்கள் வீட்டுச் சுற்றுவட்டாரத்தில் ஒரு வருடம் நடந்தார்கள், மற்றவர்கள் பயிற்சி செய்யாத ஒப்பீட்டுக் குழு. நோ வரும் வேகத்தில் நடந்தவர்கள் ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம் 338 மீற்றரிலிருந்து 371க்குப் போனது. நோ வராத சுகமான வேகத்தில் நடந்தவர்களுக்கு 332 மீற்றர் 328ஆகச் சற்றுக் குறைந்தது. ஒரு வருட உழைப்பு, ஒரு மீற்றர்கூடக் கூடவில்லை.

"நோகும்போது நடந்தால் தசை செத்துவிடுமே" என்று வீட்டில் பயப்படுவார்கள். நின்றால் பத்து நிமிடத்துக்குள் போய்விடும் நோ தசைக்கு நிரந்தரக் கேடு செய்யாது. அதை எதிரே இருந்து பார்க்கிறவர்களுக்குத்தான் கஷ்டம்.

யார் நடக்கத் தொடங்கக் கூடாது

படுத்திருக்கும்போதே பாதம் நோகிறது, இரவில் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால்தான் தூக்கம் வருகிறது, கதிரையிலேயே இருந்து தூங்குகிறார்: இது நடைப் பயிற்சிக்கான கட்டம் அல்ல. இரண்டு வாரமாகியும் ஆறாத புண், கறுத்த விரல் இவையும் அப்படியே. காத்திருக்காமல் நாடிச் சத்திரசிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். தேசிய வைத்தியசாலையில் அந்தப் பிரிவு இருக்கிறது. வழக்கமாகப் போகும் சலரோக அல்லது மெடிக்கல் கிளினிக்கில் கடிதம் கேட்டு வாங்குங்கள்.

கால் திடீரென்று வெளிறி, சில்லிட்டு, கடுமையாக நொந்து, மரத்து, விரல் அசைக்க ஏலாமல் போனால் இரத்தக்கட்டி வந்து மூடிவிட்டது. கணக்கு மணித்தியாலங்களில்தான்; ஆறு மணித்தியாலத்துக்குப் பிறகு தசை அழியத் தொடங்கும். 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். சுடுதண்ணீர் ஒத்தடம், தேய்ப்பு, காலை உயர்த்தி வைப்பது எதுவும் வேண்டாம்.

மற்றவர்கள் தொடங்குமுன் இருதயத்தைக் காட்டிக்கொள்ள வேண்டும். காலில் படிவு உள்ளவருக்கு நெஞ்சிலும் கழுத்திலும் படிவு இருக்க வாய்ப்பு அதிகம். இதுவரை கால் நோ உங்களை 150 மீற்றரில் நிறுத்தியதால் நெஞ்சு நோ வெளியே தெரியாமலே இருந்திருக்கலாம். தூரம் கூடும்போது அது தலைகாட்டும். நடக்கையில் நெஞ்சு, தாடை, இடது கை இறுகினாலோ வழமைக்கு மாறாக மூச்சு வாங்கினாலோ அன்றைக்கு நிறுத்தி வைத்தியரிடம் போங்கள். நின்ற பிறகும் நெஞ்சு நோ விடாவிட்டால் அங்கிருந்தே 1990.

முதல் நாள்: அளவெடுப்பு

அளக்காமல் தொடங்கினால் நாலாம் வாரத்தில் "ஒரு மாற்றமும் இல்லை" என்று விட்டுவிடுவீர்கள். மாற்றம் இருக்கும், நினைவில் நிற்காது.

10 மீற்றர் நைலோன் கயிறு ஒன்றை எடுத்து, மட்டமான ஒரு இடத்தில் மூன்று தடவை வைத்து 30 மீற்றர் குறியுங்கள். தொடர்மாடியின் நீளமான நடைபாதை, வாகனம் இல்லாத ஒழுங்கை, கோயில் மண்டபம் எதுவும் சரி. இரண்டு முனையிலும் செங்கல்லோ போத்தலோ வையுங்கள். பத்து நிமிடம் கதிரையில் இருந்துவிட்டு, ஆறு நிமிடத்துக்கு மணி வைத்து, முடிந்தளவு தூரம் போய்த் திரும்ப நடங்கள். நிற்கலாம், ஆனால் மணி நிற்காது. கூட இருப்பவர் சுற்றை எண்ணட்டும், பக்கத்தில் நடக்க வேண்டாம், அவருடைய வேகம் உங்களுக்கு ஒட்டிக்கொள்ளும். கொப்பியில் மூன்று எண் எழுதுங்கள்: நோ தொடங்கிய தூரம், முதலில் நின்ற தூரம், ஆறு நிமிடத்தின் மொத்தத் தூரம். எந்தக் கால், எந்த இடம் என்பதையும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை அதே இடம், அதே சப்பாத்து, அதே நேரம். மொத்தத் தூரம் 20 மீற்றர் கூடினாலே அன்றாட வாழ்க்கையில் தெரியும் மாற்றம் அது.

ஒரு நாள் நடை

நோவுக்கு 1 இலிருந்து 5 வரை எண் கொடுத்துக்கொள்ளுங்கள். 1 ஒன்றுமில்லை. 2 இறுக்கம் தொடங்குகிறது. 3 கொஞ்சம் நோ, கதைத்துக்கொண்டு போகலாம். 4 நல்ல நோ, கதை நின்று கவனம் முழுக்கக் காலுக்குப் போய்விடும். 5 தாங்க ஏலாது. 4இல் நிற்க வேண்டும். பெரும்பாலானவர்கள் 2இலேயே நின்றுவிடுவார்கள், பயிற்சி பலிக்காமல் போவதற்கு முதல் காரணம் அதுதான். வீரம் காட்டி 5 வரை போகிறவர்கள் சிலர். அவர்களுக்கு இளைப்பாற நேரம் அதிகம் எடுக்கும், அடுத்த சுற்று கெட்டுவிடும், மூன்றாம் நாள் வரமாட்டார்கள்.

ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து உடம்பைச் சூடாக்குங்கள். பிறகு 3 இலிருந்து 5 நிமிடத்துக்குள் நோவை 3க்கோ 4க்கோ கொண்டுவரும் வேகத்தைப் பிடியுங்கள். தொடக்கத்துக்கு மணிக்கு 3.2 கிலோமீற்றர் நல்ல அளவு. உங்கள் 30 மீற்றர் குறியில் அது ஒரு தடவைக்கு 34 செக்கன். ஐந்து நிமிடம் போயும் நோ வராவிட்டால் வேகம் போதாது. ஒரு நிமிடத்திலேயே நிற்க வைத்தால் வேகம் கூடிவிட்டது.

4 வந்ததும் நில்லுங்கள். நிற்கலாம், இருக்கலாம். நோ முழுக்கப் போய் 1க்கு வரும்வரை அசையக் கூடாது. இரண்டு நிமிடமாகலாம், ஐந்தாகலாம். பாதி நோவோடு கிளம்பினால் அடுத்த சுற்று பாதித் தூரத்திலேயே முடியும், "இன்றைக்குக் கால் சரியில்லை" என்று வீட்டுக்குத் திரும்பிவிடுவீர்கள். பத்து நிமிடம் இருந்தும் நோ விடாவிட்டால் அன்றைக்குப் போதும். அடுத்த நாளும் அப்படியே என்றால் வைத்தியரிடம் காட்ட வேண்டிய விஷயம். நோ போனதும் அதே வேகத்தில் அடுத்த சுற்று.

முதல் வாரம், இளைப்பாறும் நேரத்தைக் கழித்துவிட்டு, நடந்த நேரம் மட்டும் 15 நிமிடம் சேர வேண்டும். வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டுங்கள். 45, 50 நிமிடம் வந்ததும் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கிழமைக்கு மூன்று நாள் குறைந்தபட்சம், ஐந்து நாள் நல்லது. கடைசி ஐந்து நிமிடம் மெதுநடை.

ஒரே மூச்சில் எட்டு நிமிடம் நடந்தும் 4 வரவில்லை என்றால் வேகத்தைக் கூட்டும் நாள் வந்துவிட்டது: 30 மீற்றரை 27 செக்கனில், அதாவது மணிக்கு 4 கிலோமீற்றர். நோ திரும்ப வரும். பின்னுக்குப் போய்விட்டோம் என்று நினைக்க வேண்டாம், அதுதான் வேண்டியது. வேகம் கூட்ட முழங்கால் விடாவிட்டால் இலேசான ஏற்றம் பிடியுங்கள். ஜிம்மில் டிரெட்மில் இருந்தால் வேகத்தை அப்படியே வைத்துச் சரிவை 1, 2 வீதமாகக் கூட்டலாம். கைபிடியில் பாரத்தைப் போட்டுத் தொங்கினால் கால் உழைக்காது, திரையில் காட்டும் தூரம் பொய்யாகிவிடும்.

முதல் மூன்று வாரம் ஒன்றும் தெரியாது. நாலுக்கும் எட்டுக்கும் இடையில் ஒருநாள், வழமையாக நிற்கும் மின்கம்பத்தைத் தாண்டிவிட்டதைக் கவனிப்பீர்கள். முழுப் பலன் பார்க்க 12 வாரம் வேண்டும்.

மழைநாளில் வீட்டுக்குள் ஒன்று செய்யலாம்: சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிக்காலையும் தூக்கி இறக்குவது, கெண்டை 4க்கு வரும்வரை, இளைப்பாறித் திரும்ப. நடைக்கு ஈடில்லை, விடுவதை விட நல்லது.

கொழும்பில் எங்கே, எப்போது

காலி வீதி நடைபாதை இதற்குச் சரிவராது. உடைந்த கல், வாசல் சாய்வு, மீன்காரர், ஓட்டோ, பள்ளிக்கூடப் பிள்ளைகள்: பத்து எட்டுக்கு ஒருமுறை வேகம் குறையும், நோ 2ஐத் தாண்டாது. காலிமுகத்திடலின் கடலோர நடைபாதை அரைக் கிலோமீற்றர் அளவு, மட்டம், இருக்க இடமுண்டு. ஒன்றைக் கவனியுங்கள்: மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று பலமாக அடிக்கும். எதிர்க்காற்றில் 4 சீக்கிரம் வரும், திரும்பி வருகையில் வராது. அந்த மாதங்களில் அளவெடுப்பை அங்கே செய்தால் எண் ஏமாற்றும். பின்னேரம் போனால் இறால் வடை வாசனை வேறு. காலையில் போவதே பாதுகாப்பு. சுதந்திர சதுக்கத்து நடைபாதையும் விகாரமகாதேவிப் பூங்காவும் நிழலுக்கு நல்லவை, இருக்கைகளும் கிட்டக் கிட்ட உண்டு. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக்காரருக்கு மரைன் டிரைவ் அதிகாலையில் நல்லது. அதன் பக்கத்து ரயில் பாதையில் நடப்பதை ஊரே செய்கிறது, நீங்கள் செய்ய வேண்டாம். நோ வந்து நிற்கும் இடத்தை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் பக்கம் இருப்பவர்களுக்கு மட்டக்குளி காக்கைத்தீவுப் பூங்கா. கடற்கரை மணலில் வேண்டாம். மணல் வேகத்தைக் கெடுக்கும், மட்டியும் கண்ணாடித் துண்டும் பாதத்தைக் கெடுக்கும்.

வெயில் ஏறுமுன், ஆறுக்கும் ஏழரைக்கும் இடையில் முடியுங்கள். இன்சுலின் போடுகிறவர்களும் கிளிக்லசைட் போன்ற குளிசை எடுப்பவர்களும் வெறும் வயிற்றில் போகக் கூடாது. சட்டைப் பையில் மூன்று தேக்கரண்டி சீனி, ஒரு சின்னப் பொலித்தீன் பையில், எப்போதும் இருக்கட்டும். கை நடுங்கி வியர்த்தால் உடனே வாயில் போட்டு, 15 நிமிடம் இருந்து பார்க்க வேண்டும்.

பாதம்

நடை கூடும்போது பாதத்தில் உரசலும் கூடும். இரத்தம் குறைந்த காலில் ஒரு கொப்புளம் ஆற மாதக்கணக்காகலாம். கால் இழப்பது பல தடவை அப்படித்தான் தொடங்குகிறது. றப்பர் சிலிப்பரோடு நடைப் பயிற்சிக்குப் போகாதீர்கள். விரல்களுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் விட்ட சப்பாத்து, தையல் உரசாத பருத்திக் கால்மேசு. சப்பாத்தைப் பின்னேரம் வாங்குங்கள், பாதம் அப்போது சற்று வீங்கியிருக்கும். போடுமுன் கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள், சின்னக் கல்லொன்று போதும். வீட்டுக்கு வந்ததும் அடிப்பாதம், குதி, விரலிடுக்கு எல்லாம் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்; குனிய ஏலாதவர் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம்.

கோயில் விஷயத்தையும் சொல்ல வேண்டும். மத்தியானம் வெளிவீதிக் கருங்கல்லில் வெறுங்காலோடு ஒரு சுற்று வந்தால் மரத்த பாதம் வெந்ததே தெரியாது. ஆடிவேல் காலத்தில் தேரோடு வெறுங்காலோடு நடப்பவர்களுக்கும் இதுதான். காலைப் பூசைக்குப் போங்கள், உள்வீதியோடு நிறுத்துங்கள். முருகன் கோபிக்க மாட்டார். குளிர்ந்த காலைச் சுடுதண்ணீரில் வைப்பது, ஆணியைப் பிளேட்டால் சீவுவது, வீக்கத்துக்கு இறுக்கமான எலாஸ்டிக் கால்மேசு போடுவது மூன்றும் ஆபத்து. அந்தக் கால்மேசை ஏ.பி.ஐ. பார்க்காமல் எவர் தந்தாலும் போடக் கூடாது.

நடையோடு சேர வேண்டியவை

சிகரெட், பீடி இருக்கும்வரை மேலே சொன்ன எல்லாம் அரைவாசி வேலைதான். குறைப்பதல்ல, விடுவது. புகையிலை போட்ட வெற்றிலையும் விடவேண்டிய கணக்கில்தான்.

கொலஸ்ட்ரோல் குளிசையை, உதாரணமாக அட்டோவாஸ்டட்டின், "ரிப்போர்ட் நல்லாயிருக்கு" என்று நிறுத்துவது இங்கே மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. ரிப்போர்ட் நல்லாயிருப்பதே குளிசையால்தான். கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 70க்குக் கீழே, பல நிபுணர்கள் 55க்குக் கீழே இருக்க வேண்டும் என்பார்கள். அது படிவை வெடிக்காமல் நிலைப்படுத்தி மாரடைப்பையும் பாரிசவாதத்தையும் தடுக்கிறது. தசை நோ வந்தால் நிறுத்தாமல் சொல்லுங்கள்: நடந்தால் மட்டும் வந்து நின்றால் போகும் நோவுக்குக் காரணம் குளிசை அல்ல, இரண்டு பக்கத் தொடையிலும் தோளிலும் நாள் முழுக்க இருக்கும் நோவுக்குக் காரணம் அதுவாக இருக்கலாம். அஸ்பிரின் அல்லது குளோப்பிடோகிரல் இரத்தக்கட்டியைத் தடுக்க. பல்லுப் பிடுங்கப் போகும்போது நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சிலோஸ்டசோல் மட்டும் தூரத்தைக் கூட்டவென்றே தரப்படுவது. 100 மில்லிகிராம் இரண்டு வேளை, சாப்பாட்டுக்கு அரை மணி முன் அல்லது இரண்டு மணி பின். இருதயம் பலவீனமானவருக்கு அறவே கூடாது. தலையிடி, படபடப்பு, வயிற்றுப்போக்கு தொடக்கத்தில் வரும். காஸ்ட்ரைட்டிஸ் என்று ஒமெப்ரசோல் எடுப்பவர் அதைச் சொல்ல வேண்டும், அளவைப் பாதியாக்குவார்கள். மூன்று மாதத்தில் தூரம் கூடாவிட்டால் தொடர்வதில் அர்த்தமில்லை. உள்ளியும் எலுமிச்சையும் தேனும் காய்ச்சி அடைப்பைக் கரைக்கும் வாட்ஸ்அப் கஷாயத்தைக் குடித்துக்கொண்டு குளிசையை விட்டவர்களுக்கு என்ன நடக்கிறது என்று எந்த நாடிச் சத்திரசிகிச்சை வார்ட்டிலும் கேட்டுப் பார்க்கலாம்.

ஸ்டெண்ட் எப்போது

ஆறாத புண், இரவு நோ உள்ளவருக்கு ஸ்டெண்டோ (நாடியைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) பைபாஸோ (அடைப்பைச் சுற்றி மாற்றுவழி போடும் சத்திரசிகிச்சை) காலைக் காப்பாற்றும் வழி. அங்கே தாமதமே கூடாது. நடந்தால் மட்டும் நோகிறவருக்குக் கணக்கு வேறு. இடுப்பு நாடியில் அடைப்பு உள்ளவர்களை வைத்துச் செய்து 2012இல் வெளிவந்த கிளெவர் ஆய்வில், ஆறு மாதத்தின் பின் நடக்கக்கூடிய நேரம் மேற்பார்வையோடு நடந்தவர்களுக்கு 5.8 நிமிடம் கூடியது, ஸ்டெண்ட் வைத்தவர்களுக்கு 3.7 நிமிடம், மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு 1.2 நிமிடம். ஆகவே 12 வாரம் ஒழுங்காக நடந்து, கொப்பியில் எண் ஏறாமல், வேலைக்குப் போகவே கஷ்டம் என்றால் அந்தக் கொப்பியையே வைத்தியரிடம் நீட்டுங்கள். "கால் நோகுது" என்பதைவிட அது நன்றாகப் பேசும். ஸ்டெண்ட் வைத்தாலும் நடை தொடர வேண்டும், இரண்டும் சேர்ந்தால் தூரம் இன்னும் கூடும்.

12 வாரம் முடிந்ததும் விட்டால் சில மாதத்தில் தூரம் பழையபடி குறையும். கிழமைக்கு இரண்டு மூன்று நாளாவது 4 வரை நடப்பதை வைத்துக்கொள்ளுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கயிற்றை எடுத்து அளவுங்கள். நடை விடாமலே எண் திடீரென்று விழுந்தால், 300 போனவர் ஒரு கிழமைக்குள் 80இல் நின்றால், அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்க வேண்டாம்.